ஷெங்கன் பாலம்

2024 செப்டெம்பரில் ஜேர்மனி தன் தரை எல்லைகள் அனைத்திலும் சோதனையை மீண்டும் தொடங்கியதாகச் செய்தி வாசித்தபோது, 2018ஆம் ஆண்டுக் கோடைப் பயணம் நினைவில் எழுந்தது.

பரிசிலிருந்து ஹம் நகரிலுள்ள அக்காவைப் பார்க்கப் புறப்பட்டோம். பெல்ஜியம் ஊடாகச் செல்வதே நேர்வழி. அண்ணாவோ மெட்ஸ் பக்கம் சுற்றி, லக்சம்பேர்க்கின் ஷெங்கன் என்னும் சிற்றூரில் வாகனத்தை நிறுத்தினார். மொசெல் ஆறு, திராட்சைத் தோட்டங்கள். என் விசாவில் இருந்ததும் இவ்வூரின் பெயர்தான். எல்லைச் சோதனைகளைப் படிப்படியாக நீக்கும் உடன்படிக்கையில் ஐந்து நாடுகள் 1985 ஜூன் 14 அன்று இங்கே ஒரு கப்பலில் கையெழுத்திட்டன. சோதனைகள் நீங்கியது 1995இல். அந்தப் பத்தாண்டு இடைவெளிக்குள் எங்கள் வீட்டுக் கதை அகப்பட்டுக்கொண்டது.

1986இல் கிழக்கு பெர்லின் வழியாக மேற்கே வந்து, ஓர் இரவு வயல்களினூடே நடந்து பிரான்சுக்குள் நுழைந்தவர் அண்ணா. 1992இல் ஹம்மில் அக்காவின் திருமணம். ஒரு பகல் ஓட்டத் தொலைவுதான். ஆனால் அவரிடம் உரிய பத்திரம் இல்லை. அவர் தோழனாக நிற்கவேண்டிய இடத்தில் வேறொருவர் நின்றார். அந்தப் புகைப்படத்தை யாழ்ப்பாணத்தில் அம்மா நெடுநேரம் கையிலிருந்து வைக்கவேயில்லை.

ஆற்றின் மறுகரை ஜேர்மனி. பாலத்தை நடந்தே கடந்தோம். மறித்துக் கேட்க ஒருவருமில்லை. அண்ணா திரும்பி வந்தார், மறுபடியும் கடந்தார். மூன்றாம் முறை நான் கூடப் போகவில்லை.

"நேரமாகுது. தங்கச்சி சமைச்சு வைச்சிருப்பாள்" என்றபடி வந்து சாவியை எடுத்தார்.