மணலில் சைக்கிள்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

பாலைவனத்துக் கப்பல் எது என்று கேட்டால் தொடக்கப்பள்ளிக் குழந்தைகூட "ஒட்டகம்" என்று சொல்லிவிடும். பாலைவனத்தில் சைக்கிள் ஓடுமா என்று கேட்டால் பட்டப்படிப்பு மாணவர்களாகிய நாம் சற்றுத் தயங்குவோம். ஓடும், ஆனால் மணல் வகுத்த சட்டத்துக்கு உட்பட்டுத்தான் ஓடும். அந்தச் சட்டம் இன்னதென்பதையும், அதைக் கற்கப் போன இடத்தில் என் சொந்த ஊரைப் பற்றி நான் அறிந்துகொண்டதையும் இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன்.

நம் நாட்டில் பாலைவனப் பூங்கா என்றவுடன் நினைவுக்கு வருவது ராஜஸ்தானில் ஜெய்சால்மர், பார்மர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் தேசியப் பாலைவனப் பூங்கா. 1980-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட அதன் பரப்பு 3,162 சதுர கிலோமீட்டர். அருகி வரும் கானமயில் என்னும் பறவையின் கடைசிப் புகலிடங்களுள் அது ஒன்று. அங்கெல்லாம் போய்வர நம்மைப் போன்றோரின் கையிருப்பு இடம் கொடுக்குமா? ஆனால் தமிழ்நாட்டுக்குள்ளேயே பாலை நிலம் போன்ற ஒரு செம்மணற் காடு இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் பக்கத்து மக்கள் அதைத் "தேரி" என்கிறார்கள்.

நான் காசிமேட்டுக்காரன். தந்தையார் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். அன்னையார் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்துக் கூறுகட்டி விற்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லாச் சைக்கிள் எனக்கு இருக்கிறது. 2001-2002-இல் மாணவியர்க்கெனத் தொடங்கிப் பின்னர் மாணவர்க்கும் விரிந்த திட்டம் அது. அன்னையாரின் மீன்கூடையை மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, கேரியரைக் கழுவிவிட்டு, அதே சைக்கிளில் கல்லூரிக்கு வருகிறேன். மழைநாளில் என் பக்கத்தில் அமர்பவர்கள் இதை முன்னமே அறிவார்கள்!

என் வகுப்புத் தோழன் ஒருவன் உடன்குடிப் பக்கத்தைச் சேர்ந்தவன். சென்ற பங்குனி உத்திரத்துக்கு அவனுடன் ஊருக்குப் போயிருந்தேன். தென்மாவட்டத்து மக்கள் குலதெய்வமாகிய சாத்தாவைத் தேடிப் போகும் நாள் அது. மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் தேரிக்கு நடுவில் இருக்கிறது. பெயரிலேயே சுனை இருப்பதைக் கவனியுங்கள். சுற்றிலும் மணலாக இருந்தும் நீர் ஊறும் இடம் அது.

நெய்தல் நிலத்துப் பிள்ளைக்கு மணல் புதிதன்று. ஆனால் சிவப்பு மணல் எனக்குப் புதிது. மணலின் ஒவ்வொரு துகளின் மேலும் இரும்பு ஆக்சைடு பூச்சாகப் படிந்திருப்பதால் தேரிக்கு அந்த நிறம் வந்தது. காற்று கொண்டுவந்து கொட்டிய மணல் அது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வீசும் காற்றில் மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும். அந்தப் பருவத்தில் நேற்றுப் போன தடம் இன்று இருக்காது என்கிறார்கள் ஊரார். பழங்காலத்து மனிதர்கள் இங்கே வாழ்ந்து சிறு கற்கருவிகளை விட்டுச் சென்றிருக்கிறார்கள். சாய்னர், ஆல்ச்சின் என்னும் அறிஞர் இருவர் 1956-இல் அவற்றை ஆராய்ந்து எழுதினர்.

இந்தத் தேரிக்குள் நாள்தோறும் சைக்கிள் ஓட்டுகிறவர் என் தோழனின் தாத்தா. பனையேறி, எழுபதைத் தாண்டியவர். பதநீர்க் கேனைக் கேரியரில் கட்டிக்கொண்டு மணற்பாதையில் வருவார். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் பத்திரிகையில் படித்தோம் அல்லவா? அந்தக் கருப்பட்டியாகும் பதநீர் இப்படித்தான் காய்ச்சும் இடத்துக்கு வந்து சேருகிறது.

தாத்தா எனக்கும் ஒரு பழைய சைக்கிளைக் கொடுத்தார். ஐம்பது அடிகூடப் போயிருக்க மாட்டேன். முன்சக்கரம் புதைந்து நின்றுவிட்டது. எழுந்து நின்று மிதித்தேன். பின்சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றிப் பள்ளம் தோண்டியது. தாத்தா சிரித்துக்கொண்டே இறங்கி வந்து டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"தம்பி, காத்து கல்லு மாதிரி இருக்குல்லா! கொஞ்சம் இறக்கி விடு. மண்ணோட மல்லுக்கட்டப்பிடாது. ஹேண்டில இறுக்காத, பிரேக்கப் பிடிக்காத, ஒரே சீரா மிதி. வண்டி தன்னால பாதயப் பாத்துக்கிடும்."

வால்டியூப்பைத் தளர்த்தி இரண்டு சக்கரத்திலும் பாதிக் காற்றை இறக்கினோம். உடலைச் சற்றுப் பின்னே சாய்த்து, முன்சக்கரத்தின் மேல் கனம் விழாமல் உட்கார்ந்தேன். தாத்தாவின் சக்கரத் தடத்திலேயே என் சக்கரத்தை விட்டேன். உடைமரத்தின் சருகு விழுந்து மண் இறுகிய இடங்களில் சைக்கிள் விரைந்தது; வெறும் மணலில் மெல்லத் தளர்ந்தது; ஆனால் நிற்கவில்லை. கோயில் வரை ஓட்டியே போனேன். திரும்பும்போது உடைமுள் ஒன்று டியூபைப் பதம் பார்த்தது. அந்த அரை மைல் தூரத்துக்கு உச்சிவெயிலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தபோது, செருப்பையும் தாண்டி மணல் சுட்டது.

காற்றைக் குறைத்தால் சைக்கிள் ஏன் ஓட வேண்டும்? தார்ச்சாலையில் காற்று குறைந்தால் மிதிக்கவே முடியாதே! அன்றிரவு நோட்டுப் புத்தகத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் 55 கிலோ, சைக்கிள் 20 கிலோ, ஆக 75 கிலோ. டயரில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 3 கிலோ அழுத்தம் என்று வைத்துக்கொண்டால், தரையைத் தொடும் பரப்பு இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 25 சதுர சென்டிமீட்டர். ஒரு சக்கரத்துக்கு ஒரு தீப்பெட்டியின் முகப்பு அளவுகூட இல்லை! நடக்கும்போதோ என் 55 கிலோவையும் ஏறத்தாழ 150 சதுர சென்டிமீட்டர் உள்ள ஒரு பாதம் தாங்குகிறது. அதாவது, மணலின் மேல் சைக்கிள் டயர் என் பாதத்தைவிட எட்டு மடங்கு கடுமையாக அழுத்துகிறது. பாதியளவு காற்றை இறக்கினால் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ இரு மடங்காகும். சக்கரம் புதைவது குறையும். ஒட்டகத்தின் அகன்ற பாதத்துக்கும் காரணம் இதுவே.

இன்னொன்றும் உண்டு. புதைந்த சக்கரம் உருளும்போது மணலை முன்னே தள்ளிக்கொண்டு போகிறது. தனக்கு எதிரே தானே ஒரு மேட்டை எழுப்பிக்கொள்கிறது. ஆகவே சமமான மணலிலும் நாம் எப்போதும் மேடேறிக்கொண்டே இருக்கிறோம். எவ்வளவு ஆழம் புதைகிறதோ அவ்வளவு உயரம் அந்த மேடு. வேகமாக மிதிப்பதைவிட ஆழம் குறையப் பார்ப்பதே அறிவு. பனையேறித் தாத்தா எந்தக் கல்லூரியிலும் படித்தவரல்லர். நம் பாடநூலின் விதியை அவர் கட்டைவிரல் அறிந்திருக்கிறது.

1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் டன்லப் என்பவர் தம் மகனுடைய மூன்றுசக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயரைச் செய்து கொடுத்தார். அன்று முதல் ஒரு நூற்றாண்டு காலம் உலகம் பெரும்பாலும் சாலைக்காகவே டயர் செய்தது. 1980-களின் பிற்பகுதியில் அலாஸ்காவின் பனியிலும் நியூ மெக்சிகோவின் மணலிலும் சைக்கிள் ஓட்ட விரும்பியவர்கள் அகன்ற சக்கரங்களைச் செய்து பார்த்தார்கள். இன்று ஏறத்தாழ நான்கு அங்குல அகலமுள்ள தடித்த டயர்ச் சைக்கிள்கள் சென்னைக் கடைகளிலும் பளபளப்பாக நிற்கின்றன. சாதாரண டயரில் அடைப்பதில் நான்கில் ஒரு பங்குக் காற்றுகூட மணலில் அவற்றுக்கு வேண்டியதில்லை. விலையைக் கேட்டால் நமக்குத்தான் மூச்சுக்காற்று இறங்கிவிடும்! நல்லவேளை, தாத்தாவின் முறைக்கு ஒரு காசும் வேண்டாம். கையில் ஒரு பம்பு மட்டும் வேண்டும். தார்ச்சாலைக்கு ஏறியதும் மறுபடியும் காற்றடிக்காவிட்டால் ரிம் அடிவாங்கும்.

ஊர் திரும்பியதும் எண்ணூர் முகத்துவாரக் குப்பத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போனேன். தேரியில் கற்றதைக் கடல்மணலில் சோதித்துப் பார்க்கும் ஆவல். அங்கே காற்றை இறக்கவும் தேவைப்படவில்லை. அலை வந்து தொட்டுவிட்டுப் போன ஈர மணலில் சைக்கிள் சிமெண்டுத் தரையில் ஓடுவதுபோல் ஓடியது. நான்கு முழம் மேலே உலர்ந்த மணலில் ஏறினால் புதைந்தது. நான்கு முழம் கீழே நீரில் இறங்கினாலும் புதைந்தது. ஈர மணலில் துகளுக்கும் துகளுக்கும் இடையே இருக்கும் சிறிதளவு நீர், அதன் பரப்பு இழுவிசையால் துகள்களை ஒன்றோடொன்று பிடித்து வைக்கிறது. நீர் அறவே இல்லாவிட்டாலும் அந்தப் பிடி இல்லை. நீர் மிகுந்து நிரம்பிவிட்டாலும் இல்லை. மணல்வீடு கட்டும் குழந்தைக்கு இது தெரியும். அன்றுமுதல் புத்தகத்தில் "பரப்பு இழுவிசை" என்று வருமிடமெல்லாம் எனக்கு எண்ணூர் மணல்தான் தோன்றுகிறது.

அப்படியானால் காசிமேட்டிலேயே ஓட்டிப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நண்பர்களே, எங்கள் காசிமேட்டில் சைக்கிள் ஓட்டும் அளவுக்கு மணல் எங்கே இருக்கிறது? மீன்பிடித் துறைமுகத்தைத் தாண்டி வடக்கே திருவொற்றியூர் நோக்கிப் போனால் சாலையோரமெல்லாம் கருங்கல் குவியல். அதற்கு அப்பால் கடல். தேரியைப் பற்றி நான் சொல்லக் கேட்ட என் ஆயா பெருமூச்சு விட்டார்.

"அவ்ளோ மணலா கீது அங்க? நான் சின்னப் பொண்ணா இருந்தப்போ இங்கயும் இருந்துச்சுடா. கட்டுமரத்த இழுத்துப் போட்டு, வலைய விரிச்சுப் போட்டும் எடம் மிச்சம் இருக்கும். ராவுல மணல்லயே படுத்துப்போம். இப்போ காலு வெக்கக் கல்லுதான் கீது."

இதன் காரணம் நில வரைபடத்திலேயே இருக்கிறது. நம் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலை வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவக்காற்றின்போது கொஞ்சம் தெற்கே திரும்புகிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே போவதே மிகுதி. 1876-இல் சென்னையில் செயற்கைத் துறைமுகத்துக்கான கல் அணைகளைக் கடலுக்குள் நீட்டத் தொடங்கினார்கள். 1881-ஆம் ஆண்டுப் புயல் அவற்றை உடைத்தும் பணி விடாமல் தொடர்ந்தது. வழியில் அணை வந்ததும் மணல் தெற்கே தங்கியது. இன்று நாம் மாலையில் சுண்டல் தின்னும் மெரினாவின் அகலம் அப்படி வளர்ந்ததே. வடக்கே வரவேண்டிய மணல் வராமற்போக, ராயபுரம் முதல் வடக்கே கரை அரிபட்டது. பின்னர்க் கல் கொட்டித் தடுத்தார்கள். தூண்டில் வளைவுகள் கட்டினார்கள். அவற்றின் இடையிடையே இப்போது சிறிது மணல் சேர்ந்திருக்கிறது. துறைமுகம் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. ஆகவே யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. மணலுக்கும் ஒரு வழி உண்டு என்பதை நினைவூட்டவே எழுதுகிறேன்.

தேரியில் மணல் காற்றோடு நகர்கிறது. பனையும் உடையும் முந்திரியும் வேர்விட்டு அதைப் பிடித்து நிறுத்துகின்றன. எங்கள் கரையில் மணல் நீரோடு நகர்கிறது. அதைப் பிடித்து நிறுத்தக் கல்லைத் தவிர வேறொன்றும் இல்லை. சைக்கிள்காரனுக்கு மணல் பகை. கால் வலிக்கும், செயினில் புகுந்து அரைக்கும், வியர்வையை உறிஞ்சும். ஆனால் அலை வேகம் இழந்து அடங்குவதும் அதே மணலில்தான். சக்கரத்தின் வேகத்தை அடக்கும் குணமே அலையின் வேகத்தையும் அடக்குகிறது. கடற்கரைக் குப்பத்துக்கு மணலைவிட நல்ல மதில் இல்லை. தேரியில் என் கால்கள் பட்ட பாட்டில்தான் இந்த உண்மை எனக்கு விளங்கியது.

இப்போது ஒரு சிறு வேலையைத் தொடங்கியிருக்கிறேன். என் சைக்கிள் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறத்தாழ இரண்டு மீட்டர். அளவுநாடாவால் அதைச் சரியாக அளந்து டயரில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். பௌர்ணமிதோறும் ஒரே வேளையில், இரண்டு தூண்டில் வளைவுகளுக்கு இடையே கல்சுவரிலிருந்து அலை தொடும் இடம் வரை சைக்கிளை நேராகத் தள்ளிச் சென்று சுற்றுகளை எண்ணுகிறேன். மாதம் ஒரே திதியாகப் பார்ப்பது ஓதத்தின் ஏற்ற இறக்கம் கணக்கைக் கெடுக்காதிருக்க. ஓராண்டு எண்ணினால் எங்கள் கரையில் மணல் வளர்கிறதா தேய்கிறதா என்று நானே சொல்ல முடியும். பிறர் சொல்லக் கேட்டு நம்ப வேண்டியதில்லை.

எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் ராயபுரத்திலும் இருந்து சைக்கிளில் வரும் மாணவர்கள் நம் கல்லூரியில் பலர் இருக்கிறார்கள். ஆளுக்கு ஓரிடத்தை எடுத்துக்கொண்டு இதைச் செய்யலாம். டயரில் ஒரு கோடு, சட்டைப்பையில் ஒரு நோட்டு, மாதத்தில் அரைமணி நேரம் போதும். ஆசிரியப் பெருமக்கள் வழிகாட்டினால் அடுத்த ஆண்டு மலரில் ஒரு கணக்கு அட்டவணையே வெளியிடலாம். அடுத்த பௌர்ணமி அதிகாலை நான் கல்சுவர் அருகே இருப்பேன். சைக்கிளுடன் வாருங்கள்.