பேரமும் பண்பும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

பேரம் பேசுவது ஒரு கலை என்பார்கள். கலையோ இல்லையோ, இல்லாதவர் வீட்டில் அது ஒரு தேவை. கேட்ட விலையை எண்ணி வைக்கச் சட்டைப்பை கனக்க வேண்டுமே! எங்களைப் போன்றவர்களுக்குப் பிறர் பயன்படுத்திய பழைய பொருளே புதுப்பொருள்.

சென்னையில் பழைய பொருள் என்றதும் பெரியவர்களுக்கு மூர் மார்க்கெட் நினைவுக்கு வரும். மாநகராட்சித் தலைவராக விளங்கிய சர் ஜார்ஜ் மூரின் பெயரைத் தாங்கி, 1900-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அங்காடி அது. பழைய நூல்களும் இசைத்தட்டுகளும் அங்கே பேரத்தில் கைமாறின. 1985-இல் அதைத் தீ தின்றது. ஆவடி, அம்பத்தூர் மின்சார ரயில்கள் போய் நிற்கும் புறநகர் நிலையத்தில் இன்று அதன் பெயர் மட்டும் எஞ்சியுள்ளது. கடைகள் பக்கத்து அல்லிக்குளம் வளாகத்துக்குக் குடிபெயர்ந்தன.

இன்றோ அந்தச் சந்தை கைப்பேசிக்குள் புகுந்துவிட்டது! ஓ.எல்.எக்ஸ்., பேஸ்புக், குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுக்கள் என்று கட்டில் முதல் மிதிவண்டி வரை விற்கிறார்கள். ஆனால் முகம் பார்த்துப் பேசிய பேரம், முகம் பாராத பேரமாகிவிட்டது. வணக்கம் இல்லை; பொருளின் நிலை என்ன என்ற கேள்வி இல்லை. "லாஸ்ட் எவ்வளவு?" என்ற இரண்டே சொற்கள்! பத்தாயிரம் என்றால் மூவாயிரம் என்று எல்லோர் முன்பும் எழுதி, கூடவே ஒரு சிரிப்புப் பொம்மையும் போடுகிறார்கள். விற்பவர் மனம் என்ன பாடுபடும்?

நம் மாட்டுச் சந்தைகளைப் பாருங்கள். வேலூரை அடுத்த பொய்கைச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு, விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். கேட்ட விலை மூன்றாம் மனிதருக்குத் தெரியாது. பேரம் முறிந்தாலும் இருவர் மானமும் முறியாது. எழுத்தறியாதவர் கண்ட இந்த நாகரிகம், படித்தவர் குழுக்களில் ஏன் இல்லை?

சென்ற ஆண்டு எங்கள் வீட்டுக்கு ஒரு தையல் இயந்திரம் தேவைப்பட்டது. அம்மா கீரை விற்பவர். விடியுமுன் எழுந்து கூடை சுமக்க அவர் உடம்பு இனி இடம் கொடாது என்று ஆகிவிட்டது. தையல் தெரியும், இயந்திரம்தான் இல்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஆகவே விளம்பரம் பார்ப்பதும் விலை பேசுவதும் என் பொறுப்பு.

அம்பத்தூரில் ஓர் அக்கா, கால் மிதி இயந்திரம் 5,500 ரூபாய் என்று போட்டிருந்தார். குழுவில் எழுதாமல் தனியே வணக்கம் சொல்லி, நேரில் வர அனுமதி கேட்டேன். அம்மாவும் உடன் வந்தார். கிளம்புமுன் அவர் சொன்னது: "கொறச்சுக் கேக்குறது தப்பில்ல கண்ணு. அவங்க பொருள மட்டமாப் பேசிக் கொறைக்கக் கூடாது. எங்கிட்ட வாங்குறவங்க கீரைய வாடல்னு சொல்லிட்டு, அதையே வாங்கிட்டுப் போவாங்க."

அம்மா துணி வைத்துத் தைத்துப் பார்த்தார். தையல் சீராக விழுந்தது. பெல்ட் மட்டும் தேய்ந்திருந்தது. "இயந்திரம் நல்லா இருக்குக்கா. பெல்ட் மாத்தணும். எங்க கையில 4,800 இருக்கு" என்றேன். "பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்டணும் தம்பி, 5,000 கொடுங்க" என்றார் அவர். ஆட்டோவுக்கு வைத்திருந்ததில் 200 ரூபாய் எடுத்துக் கொடுத்தோம். அவர் உள்ளே சென்று ஒரு கத்தரிக்கோலும் நாலைந்து நூற்கண்டுகளும் கொண்டுவந்து அம்மா கையில் வைத்தார். கீரைக்காரிக்கு ஒருவர் கொசுறு கொடுத்து நான் கண்டது அன்றுதான்!

ஜார்ஜ் அகர்லாப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970-இல் பழைய கார்ச் சந்தையைப் பற்றி எழுதினார். நல்லது எது, கெட்டது எது என்று வாங்குபவருக்குத் தெரியாதபோது எல்லாவற்றையும் அவர் மலிவாகவே கேட்பார். அதனால் நல்ல பொருள் வைத்திருப்பவர் சந்தையை விட்டே விலகுவார். இறுதியில் மிஞ்சுவது கழிவுதான் என்றார். 2001-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். இதிலிருந்து நான் அறிவது, குறையை மறைக்காத விற்பவரும், நிறையை மறுக்காத வாங்குபவரும் சேர்ந்தே சந்தையைக் காக்கிறார்கள் என்பதே. பிறர் பொருளையும் தம்முடையதைப் போல் பேணுவதே வாணிகம் என்று வள்ளுவரும் என்றோ சொல்லிவிட்டாரே!

மாணவ நண்பர்களே, பேரம் பேசுங்கள்; தயங்க வேண்டாம். நம் வறுமை வெட்கப்படத் தக்கதன்று. ஆனால் பொருளைப் பார்த்தபின் விலை கேளுங்கள். காரணத்தோடு குறையுங்கள். ஒத்துக்கொண்ட பிறகு வாசலில் நின்று மறுபடி குறைக்காதீர்கள். வேண்டாமென்றால் நன்றி கூறி விலகுங்கள். எதிரில் இருப்பவரும் ஏதோ ஒரு முடையில்தான் தம் வீட்டுப் பொருளை விற்க வந்திருக்கிறார். விலை குறையலாம், மனிதர் குறையக் கூடாது.