குல்மார்க்கில் கண்ணாடிப் பனி

காஷ்மீரத்தில் சுமார் 2,650 மீட்டர் உயரத்திலுள்ள குல்மார்க்குக்கு மார்ச் மாதத்தில் செல்வோமானால் ஓர் அதிசயம் காண்போம். பகல் வெயிலில் இளகிய பனி, இரவுக் குளிரில் இறுகி, விடியும்போது கண்ணாடியாகிவிடுகிறது. அதன்மேல் ஸ்நோபோர்டு என்னும் ஒற்றைப் பலகையில் நின்று சறுக்குவது லேசான காரியமன்று. பலகையின் ஓரத்தில் பதித்திருக்கும் மெல்லிய எஃகு விளிம்பே அங்கே நமக்கு உயிர்த்துணை. அது துருவேறி மழுங்கியிருந்தால், பலகை பக்கவாட்டில் வழுக்கி நம்மைச் சரிவோடு இழுத்துச் சென்றுவிடும். ஆகையால் முதல் நாள் இரவே அதை அரத்தினால் ராவிக் கூராக்கிக்கொள்ள வேண்டும். சரிவில் முழங்காலை மடக்கி, உடம்பை மலைப்பக்கம் சாய்த்துவிடாமல், பாரம் முழுவதையும் விளிம்பின்மேல் நிறுத்த வேண்டும், வெடுக்கென்று திரும்பலாகாது. இவ்வளவு செய்தும் பிடி கிட்டாவிட்டால்? சூரியபகவான் கருணை புரியும்வரை ஒரு கிண்ணம் கஹ்வா அருந்திக் காத்திருப்பதே விவேகம்!