மாட வீதியில் முதல் காட்சி

ஒரு சுயாதீனப் படத்தின் முதல் காட்சியை, அது எடுக்கப்பட்ட மண்ணிலேயே நடத்துவதென்றால் முதலில் தேட வேண்டியது பிரமுகர்களை அல்ல, மைக்செட்காரரையும் பந்தல்காரரையும்தான். திருக்கழுக்குன்றத்தில் சித்திரைத் திருவிழாவுக்கு நடக்கும் வேலைகளைக் கவனித்ததில் இந்த எண்ணம் எனக்கு உறுதிப்பட்டது. சவுக்குக் கட்டையை எவ்வளவு ஆழம் ஊன்றுவது, கயிற்றை எந்தப் பக்கம் இழுத்துக் கட்டுவது, தேர் திரும்பும் முனையில் எதைக் கட்டவே கூடாது என்பதெல்லாம் அவர்களுக்குக் கைப்பழக்கம். கிழக்கே சுமார் 15 கிலோமீட்டரில் மாமல்லபுரம். 16க்கு 9 அடி வெள்ளைத் துணியைக் கடற்காற்றுக்கு எதிர்முகமாகக் கட்டினால் அது பாய்மரம்தான். கிழக்கு மேற்காக நீட்டிக் கட்டினால் காற்று ஓரமாக வழுக்கிப் போய்விடும். அந்தத் திரையில் 2,000 லூமன் வெளிச்சம் விழுந்தால் திரையரங்கத் தரம் வந்துவிடும். வாடகை புரொஜெக்டரே போதும். கெடுப்பது தெருவிளக்கு: படத்தின் கறுப்பெல்லாம் சாம்பலாகிவிடும். ஒலி இன்னும் பெரிய வம்பு. 100 அடி தள்ளி உட்காருபவருக்கு வசனம் உதட்டசைவுக்கு இரண்டு ஃப்ரேம் பிந்தித்தான் வந்து சேரும். அம்மன் பாட்டை ஊருக்கே கேட்க வைக்கும் குழாய் ஸ்பீக்கர், தணிந்த குரலில் பேசுவதையும் கத்தலாக்கிவிடும். அதை இறக்கிவிட்டு, பாக்ஸை ஆளுயரத்துக்கு மேல் ஏற்றிப் பாயில் இருப்பவர்களை நோக்கிச் சற்றே சாய்க்க வேண்டும்.

இது புது யோசனை இல்லை. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் துபோன் என்ற பிரெஞ்சுக்காரரிடம் கருவியும் படங்களும் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் போட்டார். தென்னிந்தியாவில் சினிமா காட்டும் தொழிலே அப்படி வேர்பிடித்ததுதான். கேரளத்தில் இயக்குநர் ஜான் ஆபிரகாமும் அவருடைய ஒடேஸா திரைப்படக் குழுவினரும் சாப்ளினின் ‘தி கிட்’ படத்தை ஊர்களில் காட்டி மக்களிடம் பணம் திரட்டி, 1986இல் ‘அம்ம அறியான்’ படத்தை முடித்தார்கள். பணம் போட்ட ஊர்களுக்கே படமும் திரும்பிப் போனது. நம் பக்கம் பாருங்கள். மேலூர் அருகே அரிட்டாபட்டி வட்டாரத்தில் எடுத்த ‘கூழாங்கல்’ 2021 பிப்ரவரியில் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது. ஓடிடியில் எல்லோருக்கும் கிடைத்தது 2023 அக்டோபரில்.

படம் வேறெங்கும் காட்டப்பட்டிருக்கக் கூடாது என்று பெரிய விழாக்கள் கேட்கின்றனவே என்பார்கள். உண்மைதான், அதற்கு முழுப் பதில் கிடையாது. ஆனால் விழாவுக்கு அனுப்பப்படும் படங்களில் பெரும்பாலானவை தேர்வாவதில்லை. வராத அழைப்புக்காக ஊரைக் காக்க வைப்பானேன்? திருட்டு வீடியோ பயம் இன்னொன்று. 2023 சட்டத் திருத்தப்படி அதற்கு மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை; தவிர, படம் எடுத்தவர்களைத் தெரிந்த கூட்டத்தில் செல்போனைத் தூக்கிப் பிடிப்பது அத்தனை சுலபமில்லை. சட்டச் சிக்கல்தான் கனமானது. தணிக்கைச் சான்றிதழ் வேண்டும், காட்டும் இடத்துக்கு அனுமதி வேண்டும். 2017இல் திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படத் திரையிடல்களைக் காவல்துறை தடுத்ததை மறந்துவிட்டு யாரும் துணி கட்டக் கூடாது. சான்றிதழும் அனுமதியும் கையில் வந்த பிறகே நோட்டீஸ் அடிக்கலாம்.

தெருச் சத்தத்தில் நுட்பமான படம் எடுபடுமா என்ற கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். திரௌபதி அம்மன் கோயிலில் விடிய விடியப் பாரதக் கூத்துப் பார்த்த வட்டாரம் இது. ஆனால் கூத்தாடிக்குக் கூட்டம் அடங்கும்வரை நிறுத்தத் தெரியும், படத்துக்குத் தெரியாது. அதனால் சில இடங்கள் கைநழுவத்தான் செய்யும். ஆனாலும் எந்தக் காட்சியில் கூட்டம் பேச ஆரம்பித்தது என்பது இயக்குநருக்கு எந்த விமர்சனமும் தராத தகவல்.

கடைசியாகப் பணம். சம்பளமில்லாமல் உழைத்துப் பழகிய படக்குழு, மைக்செட்காரரிடமும் அதையே எதிர்பார்ப்பது அநியாயம். அவருக்குக் கூலியைக் கொடுங்கள், நோட்டீஸில் ஒளிப்பதிவாளருக்குப் பக்கத்தில் அவர் பெயரையும் போடுங்கள். நேரமும் அவர் கையில்தான்: இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது, சித்திரையில் நன்றாக இருட்ட ஏழாகிவிடும். மூன்று மணி நேரத்தில் 75 நிமிடப் படமும் ஊரார் கேள்விகளும் தாராளமாக அடங்கும், வாழ்த்துரைகளை வெட்டினால்.