தனியாக யாரும் போகாத நிரை

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குப் போக, கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ஏறினால் போதும். சுபாங் ஜெயா, பத்து தீகா, ஷா ஆலாம் என்று நிலையங்கள் கழியும். கிள்ளானில் பெரியம்மாவை அழைத்துக்கொண்டு, அண்ணனின் காரில் எல்மினாவுக்குப் புறப்பட்டோம். பெரியம்மா பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டம் அது. இப்போது குத்ரி நெடுஞ்சாலை ஓடுகிறது. இருபுறமும் புது வீடுகள்.

1977 செப்டம்பர் 27 அன்று, தோக்கியோவிலிருந்து ஹாங்காங் வழியாக வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் 715 விமானம், சுபாங்கை நெருங்கும்போது எல்மினா தோட்டத்துக் குன்றில் மோதியது. மோசமான வானிலை. ஓடுபாதை கண்ணில் படுமுன்பே, இறங்கக்கூடாத உயரத்துக்குக் கீழே வந்துவிட்டது அந்த டிசி-8. 79 பேரில் 34 பேர் இறந்தார்கள்.

பெரியம்மா அப்போது சிறுமி. விழுந்ததைப் பார்க்கவில்லை, கேட்டார். "இடி மாதிரி இல்ல தம்பி. இடின்னா உருண்டு போகும். இது ஒரே அடியா நின்னுபோச்சு." தொழிலாளர் குடியிருப்பான லயத்து ஆண்கள் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு மரங்களுக்குள் ஓடினார்கள். பிள்ளைகளை உள்ளே வைத்துக் கதவடைத்தார்கள். விடிந்த பிறகு தாத்தா சேறும் எண்ணெய் வாடையுமாகத் திரும்பினார். பார்த்ததைச் சாகும்வரை வீட்டில் சொல்லவில்லை.

"அந்தப் பக்கத்து நெரைக்கு மாசக்கணக்கா யாரும் தனியா பால்மரம் வெட்டப் போகல. ரெண்டு ரெண்டு பேராத்தான் போனாங்க."

அதே எல்மினாவில்தான் 2023 ஆகஸ்ட் 17 அன்று, லங்காவியிலிருந்து சுபாங்குக்கு வந்த சிறிய பீச்கிராஃப்ட் ஜெட் நெடுஞ்சாலையில் விழுந்தது. உள்ளே இருந்த எட்டுப் பேரும், சாலையில் போன ஒரு கார் ஓட்டுநரும் ஒரு மோட்டார் சைக்கிள்காரரும் இறந்தார்கள். தரையிறங்கிய பின் மட்டுமே விரிக்கவேண்டிய இறக்கைத் தடுப்புகள் வானிலேயே தவறுதலாக விரிந்தன என்றது விசாரணை. ஒரு காரின் கேமரா பதிவு செய்த சில நொடிகளை உலகமே பார்த்தது. பெரியம்மா பார்க்க மறுத்துவிட்டார். "மோட்டார்ல போன பிள்ளைக்கு அம்மா இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டாராம்.

1977இல் இறந்தவர்களுக்குக் கோலாலம்பூர் ஜப்பானியர் கல்லறையில் நினைவுச்சின்னம் இருக்கிறது. இருக்க வேண்டியதுதான். ஆனால் இருட்டில் ஓடிய தோட்டத்து மனிதர்களின் சாட்சியம் எங்கே? தோட்டம் போனதும் அவர்கள் கிள்ளான், சுங்கை பூலோ, ரவாங் என்று சிதறினார்கள். கூடிப் பேச லயம் இல்லை. அடையாளம் காட்ட மரம் இல்லை. அவர்களில் எஞ்சியிருப்பவர்களுக்கும் வயதாகிவிட்டது. அவர்கள் சொல்வதை இப்போதே எழுதிவைக்காவிட்டால், அந்த இரவின் பாதி நமக்கு இல்லாமலே போய்விடும். இது என்னை உறுத்துகிறது.

குன்று எது என்று பெரியம்மாவால் சொல்ல முடியவில்லை. திரும்பும் வழியில், அன்று ஓடியவர்களை வீடு வீடாக நினைவுபடுத்திச் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். ரவாங்கில் ஒருவர் இன்னும் இருக்கிறாராம். அடுத்த வாரம் அவரைப் பார்க்கப் போகிறோம்.