தாம்பூலத்தில் ஓர் ஓலைப்பெட்டி

மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பரிசுப் பொருளால் வரும் சங்கடம் ஆண்டு முழுவதும் உண்டு. நவராத்திரி வந்தால் வெற்றிலை பாக்குடன் ஏதேனும் ஒன்றை வைத்துக் கொடுத்தாக வேண்டும். புதுமனை புகுவிழா, வளைகாப்பு, மணிவிழா என்று எது வந்தாலும், வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்புதல் நம் மரபன்று. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் கொலு பார்த்துத் திரும்பும் இல்லத்தரசிகளின் பைகளில் ஒரு பருவத்தில் சேரும் பிளாஸ்டிக் டப்பாக்களைக் கொண்டு சிறு கடையே வைத்துவிடலாம். நம் வீட்டிற்கு வந்தது அடுத்த வீட்டிற்குப் போவதும், அங்கே போனது மறு ஆண்டு நம்மிடமே திரும்புவதும் நாம் அறியாததன்று. இதுவரை நகைப்புத்தான். அந்த டப்பா கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது என்று எண்ணும்போதுதான் நகைப்பு நின்றுவிடுகிறது.

அது தாராவிக்குப் போகிறது. அங்குள்ள பதின்மூன்றாம் காம்பவுண்டு என்னும் பகுதியில், இந்நகரம் எறிந்த பிளாஸ்டிக்கை மனிதர்கள் உட்கார்ந்து கையால் தரம் பிரிக்கிறார்கள். நொறுக்கி, கழுவி, கூரைமேல் உலர்த்தி, உருக்கி, மீண்டும் மணிகளாக்குகிறார்கள். நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த நம்மவர் தலைமுறை தலைமுறையாக வாழும் தாராவியும் இதுதான். நாம் மங்கலமாக வைத்துக் கொடுத்த பொருளை, இரண்டு மைல் தள்ளி நம் ஊர்க்காரரின் அண்டை வீட்டார் மூக்கில் துணி கட்டிக்கொண்டு பிரிக்கிறார் என்றால், அந்த மங்கலத்துக்கு என்ன பொருள்?

அங்கும் போகாமல் தப்பியது தேவ்னார் குப்பைமேட்டை அடைகிறது. 2016 ஜனவரி இறுதியில் அம்மேடு தீப்பற்றி எரிந்தது. புகை செயற்கைக்கோள் படங்களிலும் பதிவாயிற்று. மாநகராட்சிப் பள்ளிகள் பல மூடப்பட்டன. செம்பூரில் எங்கள் சமையலறைச் சாளரம் நாள்கணக்கில் சாத்தியே கிடந்தது. அதற்கும் முன்னர், 2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, வடிகால்களை அடைத்துக் கிடந்த பிளாஸ்டிக் பைகளையும் பலர் குற்றம் சாட்டினார்கள். பின்னர் 2018-இல் மகாராட்டிர அரசின் தடையும், 2022 ஜூலை முதல் நாடு தழுவிய தடையும் வந்தன. தடை வந்ததும் கடைக்காரர்கள் துணி போன்ற ஒரு பையைக் கொண்டுவந்தார்கள். நம் கலியாண வீடுகளில் மணமக்கள் பெயர் அச்சிட்டு வழங்கப்படும் தாம்பூலப் பைகளில் பெரும்பாலானவை அவைதாம். அது துணியன்று. பாவும் ஊடும் அதில் இல்லை. பிளாஸ்டிக் இழைகளை வெப்பத்தால் ஒட்டியதே அது. ஐயமுள்ளவர்கள் ஓரத்தில் சிறிது கிழித்துத் தீக்குச்சியில் காட்டிப் பார்க்கலாம். பருத்தியானால் காகிதம் எரியும் மணத்தோடு சாம்பலாகும். மற்றது உருகிச் சுருண்டு மணியாக இறுகும்.

எங்கள் அண்ணன் மகள் திருமணத்தின்போது இந்த ஆராய்ச்சியெல்லாம் முடித்து, வருவோர்க்கு ஆளுக்கொரு பனையோலைப் பெட்டியில் கருப்பட்டி வைத்துக் கொடுப்பது என்று நாங்கள் முடிவு செய்தோம். எதிர்ப்பு எங்கள் பெரியம்மாவிடமிருந்து வந்தது.

"ஏ அய்யா, ஓலைப்பெட்டியும் கோரம்பாயும் வேண்டாம்னுதானே ஊரை விட்டு வந்தோம்? ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டி வாங்க நான் எத்தனை மாசம் சீட்டுக் கட்டியிருப்பேன்! கலியாணத்துக்கு வந்தவங்க கையில ஓலையையா குடுப்பிய?"

இக்கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. தாராவியில் மழைநீர் ஏறும் ஒற்றை அறையில் நால்வரைப் பெற்று வளர்த்தவர் அவர். அவருக்கு ஓலை என்றால் ஒழுகும் கூரை. பாய் என்றால் கட்டில் வாங்க இயலாத காலம். பாந்திராவின் பெருங்கடைகளில் அதே ஓலைப்பெட்டி மேசை விளக்கின்கீழ் அழகுப் பொருளாக அமர்ந்திருக்கிறது. அட்டையில் சுற்றுச்சூழலைப் பற்றி நான்கு வரி. விலை ஊரில் விற்பதைப்போல் பன்மடங்கு. ஏழ்மையின் அடையாளமென்று நம்மவர் வெட்கத்தோடு கழற்றி வைத்ததை, ஏழ்மையே அறியாதவர் நாகரிகம் என்று எடுத்து அணிகிறார்கள். பெரியம்மாவின் சினம் ஓலையின்மீது மட்டுமன்று என்றே எங்களுக்குத் தோன்றியது.

வாதம் செய்து அவரை வென்றோம் என்று சொல்வதற்கில்லை. ஊரிலிருந்து மாதிரிக்கு வந்த பெட்டி ஒன்றை அவர்முன் வைத்துவிட்டு வாளாவிருந்தோம். அவர் அதை எடுத்தார், கவிழ்த்தார், அடிப்பின்னலை நகத்தால் நெருடினார். "முடைஞ்சவளுக்கு அவசரம்" என்றார். மூலையில் ஓலை மடங்கும் இடம் நெகிழ்ந்திருந்ததை அவர் காட்டிய பின்னரே எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது. பன்னிரண்டு வயதுவரை பெட்டி முடைந்தவர் அவர் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரியவந்தது. குருத்தோலை எது, சாரோலை எது, ஈர்க்கைக் கிழித்து ஓலையை எவ்வளவு அகலத்தில் வார வேண்டும், நார்ப்பெட்டிக்கு மட்டையிலிருந்து நாரை எப்படி உரிக்க வேண்டும் என்று ஒரு மாலை முழுவதும் சொன்னார். இறுதியில், "குடுக்கிறதுன்னா நல்லதாக் குடு" என்று நிபந்தனை விதித்தார். முதல் கட்டில் வந்தவற்றில் முப்பதைத் திருப்பி அனுப்பியவரும் அவரே.

அந்த ஆண்டு, சொந்த ஊர் சென்று வர அரசு அளிக்கும் எல்.டி.சி. சலுகையைப் பயன்படுத்தி நாகர்கோவில் விரைவு வண்டியில் புறப்பட்டோம். (குமாஸ்தா உத்தியோகத்தில் இருக்கும் சில இன்பங்களுள் இது ஒன்று, பயணச்சீட்டைத் தொலைக்காமல் இருந்தால்!) தூத்துக்குடி மாவட்டத்துக் கடற்கரை ஊரான மணப்பாட்டில் பனையோலைப் பொருள்கள் இன்றும் பெண்கள் கையால் உருவாகின்றன. பனை நம் மாநில மரம். ஊன்றியபின் நீர் கேளாது, எரு கேளாது. ஆனால் ஏறிக் குருத்து வெட்டித் தர ஆள் வேண்டும். ஏறுவோர் குறைந்துவருகிறார்கள், மரம் நின்றும் ஓலை இல்லை.

அங்கிருந்து பத்தமடை. தாமிரபரணிக் கரையில் வளரும் கோரையை அறுத்து, கீறி, உலர்த்தி, நீரில் ஊறவிட்டு, மறுபடி உலர்த்தி மிக மெல்லிய இழையாக்கி, பருத்திப் பாவிலோ பட்டுப் பாவிலோ நெய்கிறார்கள். தொழில் பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்களின் கையில் இருக்கிறது. பாவு நூலின் எண்ணிக்கை கூடக் கூடப் பாய் துணிபோல் குழைகிறது. நாள்களும் விலையும் ஏறுகின்றன. மணமக்கள் பெயரை உள்ளேயே நெய்து தருவார்கள். அப்படி ஒன்றை அண்ணன் மகளுக்கென்று சொல்லிவிட்டு வந்தோம். புவிசார் குறியீடு பெற்ற பாய் இது. எனினும் அதே ஊர்ப் பெயரைச் சொல்லிப் பிளாஸ்டிக் பாயை விற்போரும் இருப்பதால், வாங்குமுன் முகர்ந்து பார்ப்பது நலம். கோரைக்குக் காய்ந்த புல்லின் மணம் உண்டு.

மும்பை வீட்டிற்குப் பாயைவிடப் பொருத்தமான பொருள் ஏது? காலையில் சுருட்டினால் படுக்கையறை கூடமாகிறது. ஆடம்பரக் கட்டில் வாங்கிவிட்டு அதைச் சுற்றி ஒருக்களித்து நடக்கும் குடும்பங்களை நாம் பார்க்கிறோம். ஆனால் இங்குள்ள மழைக்காலம் கோரைக்குப் பகை, பூஞ்சை பிடித்துவிடும். மடிக்கலாகாது, சுருட்ட வேண்டும். ஈரத்துணியால் துடைத்தபின் மின்விசிறியின்கீழ் நன்கு உலரவிட்டு, தரையில் படாமல் நிறுத்தி வைக்க வேண்டும். ஓலைப்பெட்டிக்கும் இதே விதிதான். வெயில் வரும் நாளில் ஒரு மணி நேரம் வெளியே வைத்தால் போதும்.

ஊருக்குப் போக இயலாதவர்க்குத் தாராவியிலேயே ஒரு வழி உண்டு. தொண்ணூறடிச் சாலையை ஒட்டிய கும்பார்வாடாவில் சௌராட்டிரப் பகுதியிலிருந்து வந்த குயவர்களின் வழியினர் இன்றும் சக்கரம் சுழற்றுகிறார்கள். பெரியம்மா வீட்டுப் பொங்கல் பானை ஆண்டுதோறும் அங்கிருந்துதான் வருகிறது. குஜராத்தியர் வனைந்த பானையில் நம் பொங்கல் பொங்குகிறது! அகல் விளக்கு, தயிர்ச்சட்டி, உண்டியல் என்று கொலுவுக்கு வருவோர்க்குக் கொடுக்கத் தக்கவை அங்கே பல. பஞ்சாலைக் கழிவை எரித்துச் சூளையிடுவதால் அங்கும் புகை உண்டென்பதை மறைக்க வேண்டியதில்லை. தயிர்ச்சட்டியை ஒரு நாள் முழுதும் நீரில் ஊறவைத்து, இரு முறை அரிசிக் கஞ்சி கொதிக்க வைத்த பின்னரே புழங்க வேண்டும் என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுதல் நன்று. சொல்லாமல் கொடுத்தால் முதல் நாளே ஒழுகிற்று என்று பழி வரும்.

திருமணத்தன்று மண்டப வாயிலில் பெட்டிகளை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பைப் பெரியம்மா வேறு எவருக்கும் விடவில்லை. இளையவர்கள் "மிக அழகாக இருக்கிறது" என்று வாங்கிச் சென்றார்கள். அவர் வயதொத்த பெண்டிர் சிலர் பெட்டியைக் கவிழ்த்து அடிப்பின்னலைப் பார்த்ததை நாங்கள் கவனித்தோம். ஒருவர், "இது எந்த ஊர் முடைச்சல்?" என்று கேட்டார், பிறகு இருவரும் பந்திக்கு எழுந்திருக்க நெடுநேரமாயிற்று.

வரும் நவராத்திரிக்கு இவற்றை வரவழைக்க எண்ணுவோர் ஆடி மாதத்திலேயே எழுதிவிட வேண்டும். பெயர் நெய்த பாய்க்கு அதனினும் கூடுதலான காலம் வேண்டும். முகூர்த்தம் குறித்த உடனே சொல்லிவிடுங்கள்; அழைப்பிதழ் அச்சாகும்வரை காத்திருந்தால் பாய் வந்து சேராது.