இரண்டு தளபதிகளும் ஒரு துறைமுகமும்



போன வாரம் என்னிடம் படித்த ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அவர் மகளே இப்போது பத்தாம் வகுப்பு. "சார், நேச நாடுகள் ஒத்துமையா நின்னு ஹிட்லரை ஜெயிச்சாங்கன்னு நீங்க வகுப்புல சொன்னீங்க. அமெரிக்கத் தளபதிக்கும் பிரிட்டிஷ் தளபதிக்கும் பேச்சுவார்த்தையே முறிஞ்சு போற அளவுக்குச் சண்டைன்னு பொண்ணு யூடியூப்ல பார்த்துட்டு வந்து கேக்கறா. எது சார் நிஜம்?"

இரண்டும் நிஜம்தான். ஆனால் நான் உங்களுக்கு ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு மணி அடித்ததும் வெளியே போய்விட்டேன். அந்தப் பாதிப் பாடத்தை இன்று முடித்துவிடுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆட்கள். ஐசன்ஹோவர் அமெரிக்கர், மேற்கு ஐரோப்பாவில் நேச நாட்டுப் படைகள் அனைத்துக்கும் தலைமைத் தளபதி. முதல் உலகப் போர் நடந்தபோது அவரை உள்நாட்டுப் பயிற்சி முகாமிலேயே வைத்துவிட்டார்கள். போர்முனைக்குப் போகவே இல்லை. ஆனால் ஒத்துப்போகாத நாலு பேரை ஒரே மேசையில் உட்காரவைத்து வேலை வாங்குவதில் சமர்த்தர். மாண்ட்கோமரி பிரிட்டிஷ்காரர். 1914-இல் நுரையீரலில் குண்டு பாய்ந்து பிழைத்தவர். 1942-இல் எல் அலமெய்னில் ரோமெலைத் தோற்கடித்தவர். கெட்டிக்காரர், அதை எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்த்தவர்.

1944 ஜூன் 6-இல் நார்மண்டிக் கரையில் இறங்கியபோது தரைப்படைகள் மொத்தமும் மாண்ட்கோமரியின் பொறுப்பில் இருந்தன. செப்டம்பர் 1-ஆம் தேதி அந்தப் பொறுப்பை ஐசன்ஹோவர் தானே எடுத்துக்கொண்டார். முன்கூட்டியே பேசிவைத்த ஏற்பாடுதான். அன்றைக்கே மாண்ட்கோமரியை ஃபீல்ட் மார்ஷலாக உயர்த்தினார்கள். பட்டத்தில் உயர்வு, அதிகாரத்தில் குறைவு. அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு எங்கே போய் முடியும் என்று சொல்லத் தேவையில்லை.

சண்டை எதைப் பற்றி? மாண்ட்கோமரி சொன்னார்: ஜெர்மானியர் ஓடிக்கொண்டிருக்கிறார்கள், மூச்சுவிட நேரம் கொடுக்கக் கூடாது. பெட்ரோல், குண்டு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவித்து, 40 டிவிஷன்களை வடக்கு வழியாக ரூர் தொழில்பகுதிக்கு அனுப்புங்கள், அதற்கு ஒரே ஒரு தளபதி இருக்கட்டும். அந்த ஒருவர் யார் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. ஐசன்ஹோவர் சொன்னார்: ஒற்றை ஈட்டியாகப் போனால் இரண்டு பக்கமும் வெட்டிவிடுவார்கள், எல்லாப் படைகளும் அகன்ற வரிசையாக முன்னேற வேண்டும். தெற்கே அமெரிக்கத் தளபதிகள் பிராட்லியும் பாட்டனும், பெட்ரோலை எங்களுக்குக் கொடுங்கள், நாங்களே ஜெர்மனிக்குள் போகிறோம் என்று நச்சரித்துக்கொண்டிருந்தார்கள்.

இருவர் பக்கமும் நியாயம் உண்டு. இன்றைக்கும் வரலாற்று ஆசிரியர்கள் அணி பிரிந்து வாதாடுகிறார்கள். எனக்கு இப்போது முக்கியமாகப் படுவது அந்த வாதம் அல்ல. இருவரும் பேசாமல் விட்ட ஒன்று.

பெட்ரோல் ஏன் தட்டுப்பாடு? கிணற்றில் தண்ணீர் இருந்தது, வாளிதான் இல்லை. சரக்கெல்லாம் நார்மண்டிக் கரையிலும் ஷெர்பூர் துறைமுகத்திலும் இறங்கி, பல நூறு கிலோமீட்டர் லாரியில் வரவேண்டியிருந்தது. ஆகஸ்ட் கடைசியில் பாட்டனின் டாங்கிகளே எரிபொருள் இல்லாமல் நின்றன. போர்முனைக்கு அருகில் பெரிய துறைமுகம் ஒன்று கிடைத்தால் எல்லாரின் சண்டையும் பாதி தீர்ந்துவிடும்.

கிடைத்தது! செப்டம்பர் 4 அன்று பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரைப் பிரிட்டிஷ் படை பிடித்தது. பெல்ஜியப் போராளிகளின் உதவியால் துறைமுகமும் சேதமில்லாமல் கிடைத்தது. ஆனால் அது கடற்கரைத் துறைமுகம் அல்ல. ஷெல்ட் ஆற்றின் வழியே சுமார் 80 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. ஆற்றின் இரு கரையும் முகத்துவாரத் தீவுகளும் ஜெர்மானியர் கையில். அவற்றைப் பிடிக்காவிட்டால் ஒரு படகுகூட உள்ளே வர முடியாது. கடற்படைத் தளபதி ராம்சே இதை எச்சரித்தார். ஆனால் தரைத் தளபதிகள் பெர்லினுக்கு எந்தச் சாலையில் போவது, யார் முன்னால் போவது என்பதில் மூழ்கியிருந்தார்கள்.

செப்டம்பர் 10 அன்று பிரஸ்ஸல்ஸில் இருவரும் சந்தித்தார்கள். ஐசன்ஹோவருக்கு முழங்காலில் அடி. விமானத்தை விட்டு இறங்க முடியாமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். மாண்ட்கோமரி, மாணவனைக் கண்டிக்கும் வாத்தியார் போலப் பொரிந்து தள்ளினார். ஐசன்ஹோவர் அவர் முழங்காலில் கைவைத்து, நான் உன் மேலதிகாரி என்பதை மெதுவாக நினைவூட்டினார். அவரும் வருத்தம் தெரிவித்தார். பிறகு சமாதானமாக ஒரு முடிவு எடுத்தார்கள்: ஹாலந்தில் ஆர்னெம் வரை பாராசூட் படையை இறக்கி ரைன் பாலத்தைப் பிடிக்கலாம். ஆன்ட்வெர்ப் அதற்குப் பிறகு.

செப்டம்பர் 17-இல் தொடங்கிய அந்தத் திட்டம் ஒன்பதே நாளில் தோற்றது. ஆர்னெமில் போரிட்ட சுமார் 10,000 பேரில் ஏறத்தாழ 2,400 பேரே ஆற்றைக் கடந்து திரும்பினார்கள். இதற்குள் ஷெல்ட் பகுதியில் சிக்கியிருந்த ஜெர்மானியர் 80,000-க்கும் மேற்பட்டோர் ஆற்றைக் கடந்து தப்பிவிட்டார்கள். ஒரு பகுதியினர் முகத்துவாரத்திலேயே கோட்டை கட்டி உட்கார்ந்தார்கள்.

அதற்குப் பிறகும் ஐசன்ஹோவர் நேராக உத்தரவு போடாமல், எல்லார் மனமும் கோணாதபடி எழுதிக்கொண்டிருந்தார். ஆன்ட்வெர்ப்தான் முதல் வேலை என்று மாண்ட்கோமரி தன் படைகளுக்கு ஆணையிட்டபோது அக்டோபர் 16 ஆகிவிட்டது. இடுப்பளவு சேற்றிலும் வெள்ளத்திலும் அந்த வேலையைச் செய்தது பெரும்பாலும் கனடாப் படை. இழப்பு 12,000-க்கும் மேல், அதில் ஏறத்தாழ பாதி கனடா நாட்டுப் பிள்ளைகள். முதல் கப்பல் வரிசை உள்ளே வந்தது நவம்பர் 28. துறைமுகம் கைக்கு வந்து 85-ஆவது நாள்!

ஒருவர் அளவுக்கு மீறிக் கடுமையாகப் பேசினார். இன்னொருவர் அளவுக்கு மீறி மென்மையாகப் பேசினார். நடுவில் சொல்லவேண்டிய சொல் விழுந்துவிட்டது. ஆன்ட்வெர்ப் விஷயத்தில் தான் தவறிவிட்டதாக மாண்ட்கோமரி பின்னாளில் தன் நினைவுக் குறிப்புகளில் ஒப்புக்கொண்டார்.

சண்டை அதோடு முடியவில்லை. டிசம்பர் 16-இல் ஜெர்மானியர் ஆர்டென் காட்டுப் பகுதியில் திடீரென்று தாக்கினார்கள். அவசரத்துக்கு, வடக்கே இருந்த இரண்டு அமெரிக்கச் சேனைகளை ஐசன்ஹோவர் மாண்ட்கோமரியிடம் ஒப்படைத்தார். பிராட்லி கொதித்துப்போனார். மாண்ட்கோமரியோ இதுதான் சமயம் என்று, தரைப்படைத் தலைமையைத் தன்னிடமே தரவேண்டும் என்று மாத இறுதியில் கடிதம் எழுதினார். ஐசன்ஹோவரின் பொறுமை தீர்ந்தது. அவர் இருக்க வேண்டும், அல்லது நான் இருக்க வேண்டும் என்ற பொருளில் மேலிடத்துக்குத் தந்தி தயாராகிவிட்டது.

இங்கேதான் எனக்குப் பிடித்த மனிதர் வருகிறார். டி கிங்காண்ட் என்று பெயர். மாண்ட்கோமரியின் தலைமை உதவி அதிகாரி. விஷயம் தெரிந்ததும் மோசமான வானிலையில் விமானமேறி ஐசன்ஹோவரிடம் போய், ஒரு நாள் அவகாசம் கேட்டார். திரும்பி வந்து தன் தளபதியிடம், உங்கள் வேலை போகப் போகிறது, பதிலுக்கு அலெக்சாண்டர் வருவார் என்று உடைத்துச் சொன்னார். மாண்ட்கோமரிக்கு அதுவரை அப்படி ஒரு நினைப்பே வரவில்லை. என்ன செய்வது என்று கேட்டார். டி கிங்காண்ட் தயாராக எழுதி வைத்திருந்த மன்னிப்புக் கடிதத்தை நீட்டினார், கையெழுத்தானது. தந்தி போகவில்லை. கூட்டணி பிழைத்தது.

போர் முடிந்து மாண்ட்கோமரி பிரிட்டிஷ் தரைப்படையின் உச்சப் பதவிக்குப் போனார். டி கிங்காண்ட் எதிர்பார்த்த துணைப் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. நடுவில் நின்றவர்களுக்கு நேர்வது இதுதான். ஆனாலும் அவர் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்?

இதை இன்று ஏன் எழுதுகிறேன்? ஒரு வருடம் பொதுத்தேர்வுக்கு முன், மாலைச் சிறப்பு வகுப்பு யாருக்கு என்று எனக்கும் சக ஆசிரியர் ஒருவருக்கும் பெரிய தகராறு. பரஸ்பரம் பேச்சை நிறுத்தினோம். தலைமையாசிரியரிடம் மாறி மாறி மனுக் கொடுத்தோம். இருவருமே பிள்ளைகள் நன்மைக்குத்தான் வாதாடினோம். அந்த மூன்று வாரமும் ஒரு மாணவி பள்ளிக்கு வரவில்லை. வருகைப் பதிவேட்டில் நானே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன், கண்ணில் படவில்லை. விசாரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனபோது கல்யாணம் முடிந்திருந்தது. நன்றாகப் படித்த பிள்ளை. அந்த மாலை வகுப்பு கடைசியில் யாருக்குக் கிடைத்தது என்பதுகூட இப்போது எனக்கு நினைவில்லை. அந்தப் பிள்ளை உட்கார்ந்த பெஞ்சு நினைவிருக்கிறது.

கேட்ட மாணவருக்குப் பதில்: மகள் தேர்வில் நேச நாடுகள் ஒன்றுபட்டு வென்றன என்றே எழுதட்டும், அது பொய்யில்லை. வீட்டில் மட்டும் ஒரு வேலை கொடுங்கள். அட்லஸைத் திறந்து, ஆன்ட்வெர்ப்பிலிருந்து கடல் வரை பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். விரல்நுனி அளவுதான் இருக்கும். அதற்கு 85 நாள் ஏன் ஆயிற்று என்று அவளே உங்களிடம் கேட்கட்டும்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்